கைத்தடி யாருடையது? காவல், சுவர், சேரிப் பிள்ளைகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி பார்ப்பதற்குச் சிறியது. வம்பு செய்யும் இளைஞர்கள்மீது தனியார் காவலாளி கைவைக்கலாமா?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று தெற்கே நீண்டுகொண்டே போகும் நம் புறநகரில் இது அன்றாடப் பேச்சு. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் சொல்கிறார்கள்: "சுவர் ஏறிக் குதிக்கிறார்கள், பைக்கை முறுக்கிக்கொண்டு சுற்றுகிறார்கள், கேட்டால் எதிர்த்துப் பேசுகிறார்கள். செக்யூரிட்டி எதற்குச் சம்பளம் வாங்குகிறார்? இரண்டு போட்டால்தான் அடங்குவார்கள்." நம் தெருக்களில் இதே பேச்சின் மறுபக்கம் கேட்கும்: "பந்து எடுக்கப் போன பையனை செக்யூரிட்டி அறைந்துவிட்டான்." இரண்டு பேச்சிலும் இரண்டு பேர்தான் தெரிகிறார்கள். ஒருவர் பையன், இன்னொருவர் காவலாளி. காவலாளியை அங்கே நிறுத்தியவர், அவர் கையில் தடியைக் கொடுத்தவர், எந்தப் பேச்சிலும் வருவதில்லை. இந்த மூன்றாவது ஆளின் வரலாற்றைத்தான் இன்று பேச விரும்புகிறேன். அதைப் பேசாமல் அடிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காது.

எல்லை காத்தவர்கள்

காவல் என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் இரண்டு பொருள் இருந்தது. ஒன்று அதிகாரமுள்ள காவல். ஊரைக் காப்பதற்காக விளைச்சலில் பங்கு வாங்கும் உரிமையும், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் சில சாதிகளிடம் இருந்தன. மற்றொன்று ஏவல் காவல். தலையாரி, வெட்டியான், தோட்டி, நீர்ப்பாய்ச்சி என்று வெவ்வேறு பெயர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் செய்த வேலை அது. இரவில் களத்தைக் காப்பது, ஏரி மடையைப் பார்ப்பது, அதிகாரி வந்தால் முன்னே ஓடுவது, சாவுச் செய்தி சொல்வது, எல்லைக் கல்லை அறிந்து வைத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். எல்லைத் தகராறு வந்தால் எது ஊரின் எல்லை என்று பறையர் பணியாளரைக் கேட்டுத் தீர்த்தார்கள் என்று காலனிய காலப் பதிவுகள் சொல்கின்றன.

இதில் உள்ள முரணைப் பாருங்கள். எல்லையை அறிந்தவருக்கு அந்த எல்லைக்குள் ஒரு சாண் நிலம் கிடையாது. 1891-92இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையில், சேரி மக்கள் குடிசை போட்டிருந்த மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததைப் பதிவுசெய்தார். எதிர்த்துப் பேசினால் குடிசையோடு துரத்தலாம். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த 1010ஆம் எண் அரசாணையைத்தான் பஞ்சமி நிலத்தின் அடிப்படையாக நாம் இன்றும் பேசுகிறோம். இன்றைய தாம்பரமும் வண்டலூரும் மேடவாக்கமும் அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள்தாம்.

மராட்டியத்தில் இதே ஏவல் காவலுக்கு மகர் வதன் என்று பெயர். கொஞ்சம் மானிய நிலமும் ஊர்க்காரர்கள் கொடுக்கும் தானியமும்தான் கூலி. அதற்கு ஈடாக எந்த நேரமும் அழைத்த குரலுக்கு ஓட வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் இன்னொருவர் போக வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் இந்த முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். மகர்கள் ஊரைக் காப்பதில் பெருமை உண்டு என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தப் பெருமைக்குள் அடிமைத்தனம் ஒளிந்திருப்பதை அண்ணல் கண்டார். வேலை இருக்கிறது, வேளை இல்லை. பொறுப்பு இருக்கிறது, அதிகாரம் இல்லை. இன்று பன்னிரண்டு மணி நேரம் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி பணியாளரின் நிலையைச் சொல்லவும் இந்த இரண்டு வரி போதும்.

இன்னொரு நிகழ்ச்சி. 1934இல் அண்ணலும் தோழர்களும் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். வாசலில் இருந்த குளத்தில் கைகால் கழுவியதற்குப் பெரும் தகராறு. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு கோட்டையைப் பார்க்க விட்டார்கள். நிபந்தனை மீறப்படாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு காவலரையும் கூடவே அனுப்பினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் அண்ணலே இதை எழுதியிருக்கிறார். அந்தக் காவலருக்கும் அண்ணலுக்கும் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. யார் தண்ணீரைத் தொடலாம் என்ற ஒழுங்கைக் காப்பதற்காக அவர் நடந்து வந்தார். காவலாளி எதைக் காக்கிறார் என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் கோட்டையை நினைவில் வையுங்கள்.

அதிகாரமுள்ள காவலுக்கும் காலனி அரசு முடிவுகட்டியது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் மதராஸ் மாகாணத்தில் புதிய போலீஸ் வந்தது. குற்றப் பழங்குடிச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் மதராஸ் மாகாணத்துக்கும் நீண்டது. தலைமுறைகளாக ஊர்க்காவல் பார்த்த பிரமலைக் கள்ளர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் சுடப்பட்டார்கள். நேற்றைய காவல்காரன் இன்றைய திருடன் ஆனான். யார் காவலாளி, யார் திருடன் என்ற பட்டங்களை மேலிருந்துதான் ஒட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1924: பாதை யாருடையது

இந்த இடத்தில் நாம் இரட்டைமலையாரிடம் வருகிறோம். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். மதராஸ் சட்டமன்றத்தில் உறுப்பினரான பிறகு, 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகிய எதிலும் ஒடுக்கப்பட்டோர் வருவதை யாரும் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1924 செப்டம்பர் 25 அன்று 2660ஆம் எண் அரசாணை வெளியானது. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

அவர் எதைக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். தடுப்பவர் மனம் மாற வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த இடம் பொது என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். இடம் பொது என்று ஆகிவிட்டால் தடுப்பவன்தான் குற்றவாளி. அதன் பிறகு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. எம்.சி. ராஜா முயற்சியில் 1938இல் மதராஸ் சமூக இயலாமை நீக்கச் சட்டம், அரசமைப்பின் 15(2), 17 ஆகிய பிரிவுகள், 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். கடை, உணவகம், பொழுதுபோக்கு இடம், குளம், சாலை ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசமைப்பே சொல்கிறது.

ஊரார் தாங்களே தெருவில் நின்று மறிப்பது இப்படிக் குற்றமானது. நம் நகரங்களில் அந்த மறிப்பு வேறு ஏற்பாட்டுக்கு மாறியது. இடத்தைச் சுவர் வைத்துத் தனியாருடையது என்று சொல்வது. மறிக்கும் வேலையைக் கூலிக்கு விடுவது.

சுவர்கள் எழுந்த கதை

ஜி.எஸ்.டி. சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடையிலான நிலம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஏரியும் வயலும் மேய்ச்சல் புறம்போக்கும் சதுப்பு நிலமுமாக இருந்தது. மாடு மேய்த்த பிள்ளைகளும் ஏரியில் குளித்த பிள்ளைகளும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. பிறகு மனைப் பிரிவுகள் வந்தன. தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் கேட் போட்ட அடுக்குமாடிகளும் வந்தன.

அதே காலத்தில் எதிர்த்திசையில் இன்னொரு வேலை நடந்தது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து வந்து, நகரின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தார்கள். 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் 15,656 வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். பிறகு பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகள். அங்கே வந்தவர்களில் பெரும்பகுதியினர் நம் மக்கள். பழைய வேலை தூரத்தில் போய்விட்டது. கிடைத்த புதிய வேலை என்ன? பக்கத்தில் எழுந்த அடுக்குமாடிகளிலும் மென்பொருள் வளாகங்களிலும் பெண்களுக்கு வீட்டுவேலையும் ஹவுஸ்கீப்பிங்கும், ஆண்களுக்கு செக்யூரிட்டி. அதே நேரத்தில், கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கும் நிலையும் வந்தது. ஒரே தெருவிலிருந்து ஒருவர் சீருடை போட்டு வாசலுக்கு உள்ளே நிற்கிறார். இன்னொருவரின் மகன் அதே வாசலுக்கு வெளியே சந்தேகப் பேர்வழியாக நிற்கிறான். அடி விழுந்தால் சேரியின் கை சேரியின் முதுகில்தான் விழுகிறது. சுவருக்குள் இருப்பவர் கையில் அழுக்கு ஒட்டுவதில்லை.

சுவருக்குள் இருப்பதெல்லாம் தனியார் சொத்துதானா? நம் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விதி இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டடமோ மனைப்பிரிவோ வந்தால், பத்து விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொதுமக்களுக்கான பூங்கா, விளையாட்டிடம். ஆனால் நடைமுறையில் அப்படிப்பட்ட நிலம் வளாகச் சுவருக்குள்ளேயே சிக்கி, கேட்டில் நிற்கும் காவலாளியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற நிலையைப் பல இடங்களில் பார்க்கிறோம். அத்துமீறி நுழைந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்படும் பையன் சட்டப்படி தனக்கு உரிமையுள்ள மைதானத்தில் நின்றிருக்கலாம். 1924இன் கேள்வி இன்றும் தீரவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நான்கு நிகழ்வுகள்

அண்மைக் காலத்தின் நான்கு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்ப்போம்.

முதலாவது, 2011 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. சென்னைத் தீவுத்திடல் அருகே ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு. பக்கத்துக் குடிசைப்பகுதியைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் நண்பர்களோடு வாதுமைக் கொட்டை பொறுக்க உள்ளே போனான். துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தான். காவல் பணியில் இருந்த ராணுவ வீரர்கள்மீதே அப்பகுதி மக்களின் சந்தேகம் முதலில் விழுந்தது. விசாரணையின் முடிவில் கைதானவர் அந்தக் குடியிருப்பில் வசித்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். 2012 ஏப்ரலில் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மரத்தடியில் விழுந்து கிடக்கும் கொட்டைக்கு ஒரு பிள்ளையின் உயிர். வாசலில் நின்றவர் சுடவில்லை, வசித்தவர் சுட்டார். சுவரின் பெயரால் எழும் கோபம் எங்கே குடியிருக்கிறது என்பதை இந்த வழக்கு காட்டியது.

இரண்டாவது நம் தாம்பரத்துக் கதை. 2022 டிசம்பர் 29. பேட்டரி திருடியதாகச் சொல்லி, தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவனை ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்தார்கள். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31 அன்று இறந்துவிட்டான். உடல்நலக் குறைவு என்றார்கள் முதலில். உடலில் இருந்த காயங்கள் வேறு கதை சொல்லின. 2023 ஜனவரியில் இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அரசு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. அவன் பெயரை நான் சொல்லவில்லை. சட்டத்தோடு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. பெயரைக் காப்பாற்றும் சட்டம் அவன் உயிரைக் காப்பாற்றவில்லை. ஒரு யார்டில் பிடிபட்டு மூன்று நாளுக்குள் பிணமான இந்தப் பையனின் கதையில், அவனைக் கையாண்ட ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகைக் காவலர்தான்.

மூன்றாவது, 2023 மார்ச் 30. கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நின்ற பணியாளர்கள் உள்ளே விடவில்லை. அதற்குச் சில மாதம் முன்புதான் நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். காணொளி பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். பணியாளர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. யாரும் வம்பு செய்யவில்லை, டிக்கெட்டும் கையில் இருந்தது. இருந்தும் வாசலில் கை நீண்டது. வழக்கு யார்மீது? வாசலில் நின்றவர்கள்மீது. எப்படிப்பட்டவர்களை உள்ளே விடலாம் என்ற எண்ணத்தை அந்த வாசலுக்குக் கற்றுக் கொடுத்தவர்களை எந்த வழக்கும் தொடவில்லை.

நான்காவது, 2025 ஜூன். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்த 27 வயது இளைஞர். பக்தர் ஒருவரின் நகை காணவில்லை என்ற புகாரில் போலீஸ் தனிப்படை அவரைக் கொண்டுபோய் அடித்தது. ஜூன் 28 அன்று இறந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது. காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சீருடை அவரைக் காப்பாற்றவில்லை. பொருள் காணாமல் போன நொடியில் காவலாளி திருடனாகிவிடுகிறார். மகர் வதனிலும் தலையாரி வேலையிலும் இருந்த அதே விதி: களவு போனால் முதல் சந்தேகம் காவல் காத்தவன்மேல்.

இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கேட் போட்ட குடியிருப்பு ஒன்றில், கடைக்குப் போய்த் திரும்பிய 17 வயதுக் கறுப்பினச் சிறுவனை அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். 2013 ஜூலையில் அவர் விடுதலையானார். அந்தத் தீர்ப்புக்கு எதிரான கோபத்தில்தான் 'கறுப்பர் உயிர்களும் முக்கியம்' இயக்கம் பிறந்தது. அந்தச் சிறுவன் அந்தக் குடியிருப்புக்கு விருந்தாளியாக வந்திருந்தவன். பார்த்தவர் கண்ணுக்கு அவன் அத்துமீறியவனாகத் தெரிந்தான். நிறமோ முகவரியோ உடையோ முன்கூட்டியே குற்றத்தைத் தீர்மானித்துவிட்ட இடத்தில், வம்பு செய்தானா என்ற கேள்விக்கே வேலையில்லாமல் போகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

தனியார் காவலாளிக்குச் சட்டம் என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறது? உங்களுக்கும் எனக்கும் உள்ளதைவிட ஒரு துளியும் அதிகமாகக் கொடுக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின்படி முகமைக்கு உரிமம் வேண்டும். காவலாளி 18 வயது நிரம்பியவராக, 65 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கின்றன. நம் வாசல்களில் நிற்கும் எத்தனை பேருக்கு ஒரு நாள் பயிற்சியாவது கிடைத்தது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். போலீஸ் அல்லது ராணுவச் சீருடைபோலத் தோன்றும் உடையைக் காவலாளி அணிந்தால் அவரும் முகமை உரிமையாளரும் தண்டனைக்கு உரியவர்கள் என்று அதே சட்டம் சொல்கிறது. காவலாளி தன்னைப் போலீசாக நினைத்துக்கொள்ளக்கூடாது, பார்ப்பவரும் அப்படி நினைக்கக்கூடாது என்ற கவலை சட்டத்துக்கே இருந்திருக்கிறது.

கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகப் பிடிக்கக்கூடிய குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் குற்றவாளியைப் பிடிக்கலாம். பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு இது. கேட் அறையில் உட்கார வைத்து முட்டிபோடச் சொல்வதும், அறைவதும், செல்போனைப் பிடுங்கி வைப்பதும், தலைமுடியை வெட்டுவதும் இதில் வரவே வராது. அடிப்பது காயம் விளைவித்தல். வழிமறிப்பதும் அறையில் பூட்டுவதும் தனித்தனிக் குற்றங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் 115, 126, 127 என்று எண் போட்டு எழுதப்பட்டவை.

தற்காப்பு உரிமை உண்டு. தன் உடலையும் பிறர் உடலையும் சொத்தையும் காக்க எவரும் பலத்தைப் பயன்படுத்தலாம். காவலாளிக்கும் அந்த உரிமை முழுமையாக உண்டு. ஆனால் காப்பதற்குத் தேவையான அளவுக்குமேல் ஒரு அடிகூடக் கூடாது என்பது அந்த உரிமையின் வரம்பு. ஓடுகிறவன் முதுகில் அடிப்பதும், பிடிபட்டு நிற்பவனை அடிப்பதும் தற்காப்பு ஆகாது. அது தண்டனை. தண்டனை கொடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

சிறார் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வந்த 2016 விதிகளின்படி, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்குமேலோ உள்ள கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால், சிறுவன்மீது போலீஸ் முதல் தகவல் அறிக்கைகூடப் பதியக்கூடாது. நாட்குறிப்பில் எழுதிக் குடும்பப் பின்னணி அறிக்கையோடு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். விலங்கு மாட்டக்கூடாது. பலத்தைப் பயன்படுத்தக்கூடாது. போலீசுக்கே இல்லாத உரிமை, மாதக் கூலிக்கு நிற்கும் காவலாளிக்கு எங்கிருந்து வரும்?

எதிர்வாதங்களுக்குப் பதில்

நம் பிள்ளைகள் தவறே செய்யாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குடித்துவிட்டுத் தகராறு செய்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போய்வரும் பெண்களைக் கிண்டல் செய்பவர்கள் இருக்கிறார்கள். அறுபது வயதுக் காவலாளியைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்களும் அந்தக் காவலாளியும்கூட நம் மக்களே. அவர்கள் பாதுகாப்பை லேசாக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அடி இவர்களைக் காக்கிறதா? ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்தவனை வாசலில் இரண்டு அறை விட்டு அனுப்பினால், அவள் புகார் எங்கும் பதிவாவதில்லை. அவன் மறுநாள் வேறு தெருவுக்குப் போகிறான். அடி வாங்கியவன் நண்பர்களோடு திரும்பி வந்தால் காவலாளிதான் தனியாக நிற்கிறார். கை ஓங்கச் சொன்ன சங்கத்துச் செயலாளர் நாலாவது மாடியில் இருக்கிறார். வழக்கு வந்தால் "நாங்கள் அடிக்கச் சொல்லவில்லை" என்பார். முகமை அவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்தும்.

அடி எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். நள்ளிரவில் குடித்துவிட்டுக் காரில் ஹாரன் அடித்து, கேட் திறக்கத் தாமதமானால் காவலாளியை வாயில் வந்தபடி திட்டும் இளைஞனும் வம்பு செய்பவன்தான். அவன் அந்த வளாகத்தின் பிள்ளை. அவனுக்குக் கிடைப்பது "சாரி சார்". அதே வளாகத்தில் காற்றாடி எடுக்க ஏறியவனுக்குக் கிடைப்பது தடி. தடிக்கு வம்பு ஒரு பொருட்டே இல்லை. யார் கேட்பாரற்றவன் என்றுதான் அது பார்க்கிறது. அதனால்தான் வம்பு செய்பவர்கள்மீது பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற பொதுவிதி, காகிதத்தில் எவ்வளவு நடுநிலையாக எழுதப்பட்டாலும், நடைமுறையில் நம் பிள்ளைகளை அடிப்பதற்கான அனுமதியாகவே முடியும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கோரிக்கையை மேலே திருப்ப வேண்டும். அடி விழுந்தால் புகாரில் காவலாளி பெயரோடு நிறுத்தாதீர்கள். அவரை நியமித்த முகமையையும் அமர்த்திய சங்கத்தையும் நிறுவனத்தையும் பொறுப்பாளிகளாகச் சேருங்கள். முகமைக்கு உரிமம் உண்டா, பயிற்சிச் சான்று உண்டா, காவலாளிக்கு எழுத்து மூலமான பணி உத்தரவு உண்டா என்று கேளுங்கள். யார்மீதும் கைவைக்கக்கூடாது, ஆபத்து என்றால் 112, சிறார் என்றால் 1098 அழைக்க வேண்டும் என்ற இரண்டு வரி அந்த உத்தரவில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, இடத்தை மீட்க வேண்டும். தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரியில் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. இவற்றின் எல்லைக்குள் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்ட திறந்தவெளி நிலங்கள் எவை, அவற்றில் எத்தனை சுவருக்குள் இருக்கின்றன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாணவர்கள் கேட்கலாம். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடும் பந்தோடும் அந்த இடங்களுக்குப் போகலாம். இரட்டைமலையார் காட்டிய வழி இதுதான்: முதலில் இடத்தைப் பொது என்று எழுத்தில் நிறுவு, பிறகு நட.

மூன்றாவதாக, காவலாளியை நம் பக்கம் கொண்டுவர வேண்டும். எட்டு மணி நேர வேலை, வார விடுப்பு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி, உட்கார நாற்காலி, கழிப்பறை. கடைப் பணியாளர்கள் உட்காரும் உரிமைக்குத் தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. கேட்டில் நிற்பவருக்கும் அந்த நாற்காலி வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. இந்த உரிமைகளைக் கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த காவலாளி, அடி என்று சொன்னதும் அடிக்கமாட்டார். "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பார். எழுதிக் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

நான்காவது நம் தெருக்களில் செய்ய வேண்டிய வேலை. இரவுப் பாடசாலையிலும் விளையாட்டுக் குழுவிலும் நம் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தச் சீருடைக்குள் இருப்பவர் உன் தெருப் பெரியவர், அண்ணன் என்று சொல்லுங்கள். பெண்களைக் கிண்டல் செய்பவனுக்காக நாம் வரிந்துகட்டிக்கொண்டு நிற்க மாட்டோம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அடிக்கக்கூடாது. சட்டம் அனுமதிக்கவில்லை, அனுபவமும் அனுமதிக்கவில்லை. மகர் வதன் ஒழிய வேண்டும் என்று அண்ணல் போராடியபோது, ஊருக்குக் காவல் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு சாதியை அடிமையாக்கி அந்தக் காவலைப் பெறக்கூடாது என்றார். நம் புறநகருக்கும் காவல் தேவை. உரிய கூலியோடும் பயிற்சியோடும் மரியாதையோடும் அது நடக்கட்டும். அடிக்கும் வேலையை மட்டும் யாரும் நம் கையில் கொடுக்க வேண்டாம்.

ஜெய்பீம்.